குற்றாலத்து அம்மையின் பெயர்

தென்காசி வட்டாரத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டாலே, அவளுடைய பாட்டிமார் எந்தக் கோயில் தேர் பார்க்கப் போனவர்கள் என்று சொல்லிவிடலாம். கோமதி என்றால் சங்கரன்கோவில். காந்திமதி என்றால் திருநெல்வேலி. உலகம்மாள் என்றால் தென்காசி, அல்லது பாபநாசம். நித்தியகல்யாணி என்றால் கடையம். ஒப்பனையம்மாள் என்று காதில் விழுந்தால் கரிவலம்வந்தநல்லூரைத் தவிர வேறு ஊரை நினைக்க வேண்டியதே இல்லை. குழல்வாய்மொழி என்றால் குற்றாலம்.

என் பெயர் குழல்வாய்மொழி. செங்கோட்டையில் அச்சகம் நடத்துகிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரே ஒரு ட்ரெடில் மெஷினை வைத்து அப்பா தொடங்கிய தொழில் இது. இப்போது கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டுமாக என் கைக்கு வந்திருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கோயில் கொடை, உத்தரகிரியை என்று ஊரில் நடக்கும் நல்லதும் கெட்டதும் முதலில் எங்கள் மேஜைக்கு ஒரு தாளில் எழுதப்பட்டு வருகின்றன. அந்தத் தாள்களில் இருப்பவை பெரும்பாலும் பெயர்கள்தாம். பிழை பார்ப்பதற்காக ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசித்தே என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. ஒரு பெயர் எப்படி ஊருக்குள் வருகிறது, எப்படி ஊரை விட்டுப் போகிறது என்பதை நான் பார்த்த இடம் அந்த மேஜைதான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் மூன்று தலைமுறை நிற்கும். மேலே தாத்தா, ஆச்சி. அடுத்து தாய் தகப்பன். அதன் பிறகுதான் ‘பேத்தியும் குமாரத்தியுமான’ மணப்பெண். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தால் ஆவுடையம்மாள், அவர் மகள் சுப்புலட்சுமி, அவர் மகள் ஸ்ரீநிதி என்று இறங்கும். ஆவுடையம்மாள் சங்கரன்கோவில் கோமதி அம்மையின் தமிழ்ப் பெயர். எங்கள் செங்கோட்டைக்கு அந்தப் பெயரில் இன்னொரு பெருமையும் உண்டு. வேதாந்தப் பாடல்கள் பாடிய ஆவுடையக்காள் இந்த ஊர்க்காரர். சுப்புலட்சுமி தென்னாடு முழுவதற்கும் பொதுவான பெயர். ஸ்ரீநிதி இந்தியாவில் எந்த ஊரிலும் பிறந்திருக்கலாம். பெயர் கீழே இறங்க இறங்க ஊர் அதிலிருந்து கழன்றுகொண்டே வருகிறது.

அடித்த பத்திரிகைகளில் ஒவ்வொரு பிரதியை எடுத்து, வருடவாரியாக நூல் கட்டி வைப்பது அப்பாவின் பழக்கம். அந்தக் கட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. தொழில் தொடங்கிய காலத்துக் கட்டுகளைப் பிரித்தால் மணப்பெண் இடத்தில் குழல்வாய்மொழி என்ற பெயர் அங்கங்கே தென்படும். மேலகரம், இலஞ்சி, வல்லம், காசிமேஜர்புரம், குற்றாலம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த வீடுகளாகவே இருக்கும். தொண்ணூறுகளின் கட்டுகளில் அதே பெயர் ஒரு படி மேலே ஏறித் தாயின் இடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆச்சியின் இடம். அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லும் சேர்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நான் இந்தப் பெயரை டைப் செய்வது பெரும்பாலும் உத்தரகிரியைப் பத்திரிகைகளில்தான். என் சொந்தப் பெயரைக் கறுப்பு மையில், கறுப்புக் கட்டத்துக்குள் வைத்துப் பிழை பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வருத்தம்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. குற்றாலத்தில் பேரருவிக்கு அருகிலேயே சங்கு வடிவில் அமைந்திருக்கிறது குற்றாலநாதர் கோயில். 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் வந்து பாடிய தலம். கோயிலின் தலமரமான குறும்பலாவுக்கென்றே அவர் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியங்களால் ஆன சித்திர சபை இருப்பதும் இங்கேதான். அருவிக்கு வருகிறவர்களில் பலர் ஈரத்துணியோடு கோயிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே தனிச் சன்னதியில் நிற்கிற அம்மைதான் குழல்வாய்மொழி. வடமொழியில் வேணுவாக்வாதினி. புல்லாங்குழல் போன்ற குரலில் பேசுகிறவள்.

தலபுராணத்துக் கதை இன்னும் சுவையானது. குற்றாலம் முதலில் திருமால் கோயிலாக இருந்ததாம். திருநீறு பூசிய அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் திருமால் அடியார் போல வேடம் பூண்டு உள்ளே போய், நெடிய திருமாலின் தலையில் கைவைத்து அழுத்த, திருமேனி குறுகிச் சிவலிங்கமாயிற்று. உடன் இருந்த ஸ்ரீதேவி குழல்வாய்மொழி ஆனாள், பூதேவி பராசக்தி ஆனாள். அகத்தியர் அழுத்தியதால் வந்த தலைவலி தீரத்தான் சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பார்கள். என் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது அகத்தியரை விட்டுவிடுவார். “அம்மைக்குப் பேர் மாறினது, ஊர் மாறவில்லை” என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இந்தப் பெயர் இலக்கியத்தில் ஊன்றி நின்றது 18ஆம் நூற்றாண்டில், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரால். குறவஞ்சி பாடியவர் என்று எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதற்காக முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அவர் பெற்ற நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அவர் குற்றாலத்தின் மேல் பாடிய நூல்களின் பட்டியல் நீளமானது. தலபுராணம், சிலேடை, யமக அந்தாதி, ஊடல், கோவை, பிள்ளைத்தமிழ் என்று போகும். அந்த வரிசையில் அம்மைக்கென்றே ஒன்று இருக்கிறது, குழல்வாய்மொழிக் கலிப்பா. குறவஞ்சியின் குரங்கும் அருவியும் பள்ளிக்கூடப் பாடத்துக்குப் போய்விட்டன. அம்மைமேல் பாடிய கலிப்பாவை யாரும் தேடுவதில்லை. எனக்கு இது பெரிய குறை. என் ஆச்சி மேலகரத்துப் பெண். கவிராயர் ஊர் என்பதை அவர் சொத்துப் பத்திரம் வைத்திருப்பவர் மாதிரிச் சொல்வார்.

பெயரின் பொருளைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பெயரைச் சுருக்குகிறவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். சிவன் கோயில்களின் அம்மையருக்குக் குழலி என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு. காஞ்சிபுரத்தில் ஏலவார்குழலி, திருச்சியில் மட்டுவார்குழலி, திருவாலங்காட்டில் வண்டார்குழலி. அந்தக் குழல் எல்லாம் கூந்தல். மணக்கிற கூந்தல், வண்டு மொய்க்கிற கூந்தல். எங்கள் அம்மையின் குழல் கூந்தல் இல்லை. அது வாயில் இருக்கிறது, குரலில் இருக்கிறது. அவளுக்கு உறவுமுறை தேடினால் வேதாரண்யம் போக வேண்டும். அங்கே அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலுக்கு முன்னால் தோற்றுப்போனதால் அந்தக் கோயிலில் சரஸ்வதியின் கையில் வீணை இல்லை என்பார்கள். குழலும் யாழும் இனியவை என்று சொல்லி, மழலைக்கு முன் இரண்டையும் தள்ளிவைத்த வள்ளுவரின் குறளை நினைத்துக்கொண்டால் இந்த இரண்டு பெயர்களும் அக்கா தங்கை என்று தெரியும். ஆக, குழல்வாய்மொழியைக் குழலி என்று சுருக்கினால் ஒரு பெண்ணின் குரலைப் பற்றிய பெயர் அவள் கூந்தலைப் பற்றிய பெயராகிவிடுகிறது. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மொழி என்று சுருக்குங்கள். என்னை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதையும் எல்லோரும் கூப்பிடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ப் பெயரைச் சொன்னால், “உங்கள் அப்பா தமிழாசிரியரா? இயக்கத்தில் இருந்தவரா?” என்று கேட்பார்கள். மரியாதையோடுதான் கேட்கிறார்கள். 1916இல் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதிலிருந்து தமிழ்ப் பெயர் வைப்பது ஓர் இயக்கமாகவே நடந்தது. தேன்மொழி, கனிமொழி, கயல்விழி, மலர்விழி எல்லாம் அந்த அலையில் வீடு வீடாகப் போன பெயர்கள். அவற்றின் நடுவே என் பெயரையும் அமர்த்திவிடுகிறார்கள். அந்த வரிசையில் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் பெயர் வந்த வழி வேறு. அந்தப் பெயர்கள் நல்ல தமிழைத் தேடி எடுத்துச் சூட்டப்பட்டவை. என் பெயரை யாரும் தேடவில்லை. ஆச்சிக்கு அவருடைய ஆச்சி பெயர், எனக்கு என் ஆச்சி பெயர். மேலகரத்து மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிய பெண்களுக்கும், கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கும் இந்தப் பெயர் இருந்தது. அவர்களில் யாருக்கும் அது இலக்கியப் பெயராகத் தோன்றியிருக்காது. கோயில் அம்மை பெயர், ஆச்சி பெயர், அவ்வளவுதான். தமிழ் இப்படியும் பிழைத்து வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி எல்லைக்கதை. இன்று செங்கோட்டை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். அதற்கும் முன்னால் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு, தென்மலை என்று மேற்கே இருந்த மலைப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. குற்றாலமோ எப்போதும் திருநெல்வேலிச் சீமை, அதாவது வெள்ளைக்காரர் ஆட்சிப் பகுதி. சைக்கிளில் போய்விடுகிற தூரத்துக்குள் இரண்டு அரசாங்கம். அம்மை அந்தப் பக்கம், அவள் பெயரை வைத்துக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம்.

ஆச்சியின் கல்யாணப் பத்திரிகை என்னிடம் இருக்கிறது. மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1124, தை மாதம். ஆங்கிலக் கணக்கில் 1949. நாஞ்சில் நாட்டிலும் எங்கள் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு போடாமல் அந்நாளில் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். ‘சௌபாக்கியவதி குழல்வாய்மொழியை’ என்று நடுவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளூர்ச் சொந்தங்களுக்கு அது திருவிதாங்கூர் அஞ்சலில் போயிருக்கிறது. சங்கு முத்திரை போட்ட அந்த அஞ்சல் 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. மேலகரத்துச் சொந்தங்களுக்கு இந்தியத் தபால் தலை ஒட்ட வேண்டும். ஒரே கல்யாணம், இரண்டு தபால். கல்யாணமாகி வந்த ஆச்சி அரசாங்கம் மாறி வந்தவர். ஆனால் இங்கே அவர் பெயரை எழுதிக்கொள்ள யாரும் திணறவில்லை. திருவிதாங்கூர் பதிவேடுகளில் மலையாளம் இருந்தாலும் ழகரம் இருந்ததே.

அதைச் சொல்லும்போது புனலூர் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் அச்சகத்துக்கு ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களிலும் கடைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழில் ஒரு பக்கம், பெண் வீட்டுக்கு மலையாளத்தில் ஒரு பக்கம் என்று அச்சடிக்கிற பத்திரிகைகள் உண்டு. 1904இல் போட்ட செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதை வேலைக்காக நின்று, மறுபடி 2018இல்தான் முழுவதும் திறந்தது. நின்றிருந்த வருடங்களில் அந்தப் பக்கத்து வேலை எங்களுக்குக் குறைந்துபோனது. ரயில் ஓடத் தொடங்கியதும் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து பழைய முகங்கள் வந்தன.

அந்த மலையாளிகள் என் பெயரைச் சொல்லக் கேட்க வேண்டும். ழகரம் இரண்டும் அப்படியே முழுசாக வரும். எங்கள் செங்கோட்டைச் சந்தையில் ‘குளல்வாமொளி’ என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். மதுரைக்கு வடக்கே போனால் கேட்கவே வேண்டாம். புனலூரிலிருந்து வரும் ஒரு சேச்சி தன் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருடைய விசேஷத்துக்கும் எங்களிடம்தான் அடிப்பார். பில் புத்தகத்தில் இருக்கும் என் பெயரை மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு, “எத்ர நல்ல பேரு!” என்பார். அவருடைய மகனுக்கு வழக்கறிஞரிடம் குமாஸ்தா வேலை. மலையாளத்தில் மொழி என்றால் போலீசும் நீதிமன்றமும் எடுக்கிற வாக்குமூலம். பெயரைக் கேட்டதும் அவருக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்ததாம். “பொய் சொல்லாத பெண்ணுக்கு வைக்கிற பெயர் என்று எடுத்துக்கொண்டேன்” என்றார். அந்த விளக்கத்தையும் நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

மலை ஏறியதும் பெயரும் மாறிவிடுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். ஆரியங்காவில் ஐயப்பனுக்கும் புஷ்கலா தேவிக்கும் திருக்கல்யாணம் நடக்கும். மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து நடத்திக்கொடுப்பார்கள். தங்கள் குலத்துப் பெண் அவள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அங்கே புஷ்கலா. அதே மலையின் கிழக்குச் சரிவில் குழல்வாய்மொழி. ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதை அம்மையின் தேர் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. காந்திமதி பெரிய ஊரின் அம்மை, அவள் பெயர் நாடு முழுவதும் போயிற்று. குழல்வாய்மொழி சிற்றூரின் அம்மை. அருவிக்காகக் குற்றாலத்தை உலகமே அறியும். ஆனால் குளித்துவிட்டுப் போகிறவர்கள் அம்மையின் பெயரைக் கொண்டுபோவதில்லை.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குற்றாலம், குற்றாலிங்கம் என்ற பெயர்கள் இன்னும் எங்கள் தெருக்களில் தாராளம். வாய்க்குச் சுலபம், சர்க்கார் தாளில் எழுதச் சுலபம். நீளத்தை ஒரு காரணமாகச் சொல்வார்கள். தமிழில் எண்ணினால் ஏழே எழுத்து, ஆங்கிலத்தில் எழுதப்போனால் 14. ஆனால் 14 எழுத்து யாரையும் கொன்றுவிடவில்லை. பாலசுப்பிரமணியன்கள் ஆங்கிலத்தில் அதைவிட அதிகம் எழுதிக்கொண்டு உலகமெல்லாம் வேலை பார்க்கிறார்கள்.

பெயர் மறைந்ததற்கு உண்மையான காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பெயரன், பெயர்த்தி என்பதுதானே பேரன், பேத்தி ஆயிற்று? பாட்டன் பாட்டி பெயரைச் சுமப்பவர்கள் என்பதால் வந்த உறவுப்பெயர்கள் அவை. எங்கள் பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர். இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற ஆச்சி பெயர். இந்த முறை நடந்தவரை எவ்வளவு சின்ன ஊரின் அம்மை பெயரும் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறை முளைத்துக்கொண்டே இருந்தது. பெயர் நாகரிகமாக இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அது ஆச்சிக்குச் சேர வேண்டிய பாக்கி.

ஆனால் அதே வீட்டில் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது. என் அம்மா கடைசிவரை என்னைக் குழல்வாய்மொழி என்று கூப்பிட்டதில்லை, மொழி என்றும் கூப்பிட்டதில்லை. ‘சின்னவளே’ என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயர் கேட்டதற்கு, “அவள் அப்பா வந்து சொல்வார்கள்” என்று ஆசிரியரைக் காத்திருக்க வைத்தார். ஆச்சி இறந்து பல வருடம் ஆன பிறகும் அந்தப் பெயர் அம்மாவின் வாயில் வரவில்லை. இது வருத்தப்பட வேண்டிய வழக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த மரியாதையின் ஆழத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவையும் சொல்ல வேண்டும். எத்தனையோ வீடுகளில் குழந்தைக்குச் சூட்டிய பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் வேறொன்று. பாப்பா, ராணி, செல்வி என்று கூப்பிட்டதே பள்ளிச் சான்றிதழில் ஏறியது. சூட்டிய பெயர் தொட்டிலோடு நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பேத்தி பிறந்தபோது பாட்டி பெயர் என்று வைத்தது செல்வியைத்தான்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது பெண்ணாக இருந்தால் எந்த ஆச்சி பெயரை வைப்பது? இரண்டு சம்பந்திகளுக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரைத் தேடுகிறார்கள். நட்சத்திரத்துக்கான எழுத்து, எண்கணிதம், மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம் என்ற நிபந்தனை எல்லாம் அதற்குப் பிறகு வருகிற சாக்குகள். காந்திமதியும் கோமதியும் இதைத் தாங்கிக்கொள்ளும், வேறு ஊர்களிலும் அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். ஒப்பனையும் குழல்வாய்மொழியும் தாங்காது.

போன வாரம் இலஞ்சியிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டுவிழா அழைப்பிதழ். எழுதிக்கொண்டு வந்த தாளில் குழலி என்று இருந்தது.

“ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்டேன்.

“இவளுடைய ஆச்சி பெயர் குழல்வாய்மொழி, அக்கா. ரொம்ப நீளம். அதனால் குழலி என்று வைத்தோம். மார்டனாகவும் இருக்கிறது, ஆச்சி பெயரும் ஆயிற்று” என்றார் அந்தத் தம்பி.

மேஜையில் இருந்த என் பெயர்ப்பலகையைத் திருப்பிக் காட்டினேன். அந்தப் பெண் எழுந்தே விட்டாள். “அக்கா, இந்தப் பெயரில் ஆச்சியைத் தவிர யாரையும் நான் பார்த்ததே இல்லை” என்றாள். கூந்தலுக்கும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் என்னைச் சீண்டினார்களா என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் பயம். சீண்டினார்கள், நீளப்பெயர் உள்ள எல்லோரையும் சீண்டுவார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றேன். கல்லூரியில் வருகை எடுக்கும்போது பேராசிரியர்கள் இந்தப் பெயரில் ஒரு கணம் நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பதையும், அப்படிப் பார்த்தவர்கள் கடைசிவரை என்னை மறக்கவில்லை என்பதையும் சொன்னேன். மாமியாரிடம் கேட்டுச் சொல்வதாகத் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். நேற்று அந்தத் தம்பி போன் செய்தார். அழைப்பிதழில் குழல்வாய்மொழி என்றே போடச் சொல்லிவிட்டார். வீட்டில் மொழி என்று கூப்பிடப் போகிறார்களாம். மணப்பெண் ஆகும் வயது வரை பொறுத்திருக்க வேண்டும்தான், ஆனாலும் இந்த வருடக் கட்டில் இந்தப் பெயர் கறுப்புக் கட்டம் இல்லாமல் ஒரு தடவை வந்துவிட்டது.

அவர்களிடம் சொன்ன நடைமுறைச் செய்திகளை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். என் பள்ளிச் சான்றிதழில் ழகரத்துக்கு ‘எல்’. குடும்ப அட்டையில் ‘இசட் ஹெச்’. வங்கிப் புத்தகத்தில் வாய் என்பதற்கு நடுவே ஒரு ‘ஒய்’. மூன்றும் ஒரே பெண் என்று நிரூபிக்க ஓர் அலுவலகத்தில் என்னைப் பலமுறை நடக்க வைத்தார்கள். கடைசியில் அரசிதழில் விளம்பரம் செய்துதான் தீர்ந்தது. ‘இசட் ஹெச்’ போடுங்கள். இப்போது ழகரத்துக்கு அதுதான் எங்கும் வழக்கம், கேரளத்திலும் அதையேதான் போடுகிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளை என்றால் இனிஷியலையும் நினைவில் வையுங்கள். நாம் முன்னால் போடுவோம், அவர்கள் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பிறப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 வருடம் வரை சேர்க்கலாம். இரண்டு சம்பந்திகளும் பேசி முடிக்க ஒரு வருடம் போதாதா?

மேலகரம், இலஞ்சி, வல்லம் பக்கத்தில் குழல்வாய்மொழி என்ற பெயரோடு 40 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அச்சகத்துக்கு வாருங்கள். செங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கல்யாணம் ஆகாதவராக இருந்தால் பத்திரிகை அடிக்கிற கூலியை நான் வாங்க மாட்டேன். கார்டுக்கு மட்டும் சிவகாசி விலையைக் கொடுத்தால் போதும்.